எண் மட்டும் போதுமா?

புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், நம் மாணவ நண்பர்களுள் பலர் "9.8" என்று கூறிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். 9.8 என்றால் என்ன? மீட்டரா, மைலா, மணியா? அலகை எழுதாத விடைக்கு ஆசிரியர் அரை மதிப்பெண் குறைக்கிறார். "அரை மதிப்பெண்தானே, போனால் போகட்டும்!" என்கிறோம். அலகு இல்லாத எண்ணால் அரை ஏக்கர் நிலத்துக்கான பணமும் போகக்கூடும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அளத்தல் என்பது ஒப்பிடுதலே. மேசையின் நீளம் 2 மீட்டர் என்றால், மீட்டர் என்று உலகம் ஒப்புக்கொண்ட நீளம் அதில் இருமுறை அடங்கும் என்று பொருள். எதனோடு ஒப்பிட்டோம் என்பதைச் சொல்லாமல் 'இரண்டு' என்று மட்டும் சொன்னால் கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது. அதைவிடக் கொடியது, அவன் தனக்குப் பழக்கமான அலகைத் தானே சேர்த்துக்கொண்டு, விளங்கிவிட்டதாக எண்ணிவிடுவது.

அறிவிற் சிறந்தோர்க்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்கா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலம், 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் அக்கோளை நெருங்கிய வேளையில் அழிந்தது. காரணம் என்ன? கலத்தின் சிறு உந்திகள் தந்த தாக்கத்தை ஒரு கணிப்பொறி நிரல் பவுண்டு-வினாடியில் கணக்கிட்டுக் கொடுத்தது. பாதையைக் கணித்தவர்களோ அதை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மற்றொன்றைப்போல் ஏறத்தாழ 4.45 மடங்கு! கலம் எண்ணியதைவிட மிகத் தாழ்வாக இறங்கி, செவ்வாயின் காற்று மண்டலத்துக்குள் புகுந்துவிட்டது.

செவ்வாய் வரை போவானேன்? நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கே வருவோம். 1978-இல் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூரு ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இதனைத் தோற்றுவித்தது. அந்த ஏக்கரை இங்குள்ள உழவர் 40 குண்டையாகப் பிரிப்பார். ஓசூர்ச் சாலையில் தெற்கே சென்று, அத்திப்பள்ளியைத் தாண்டிக் காலை வைத்தால் தமிழ்நாடு. அங்கே அதே ஏக்கருக்கு 100 சென்ட். மண்ணில் மாற்றமில்லை, மண்ணை அளக்கும் பெயர் மட்டும் எல்லையில் மாறிவிடுகிறது.

பெயர் மாறினால் கேடில்லை. பெயரை எழுதாமல் விடுவதுதான் கேடு. கர்நாடகப் பகாணியில் 1.20 என்றிருந்தால் 1 ஏக்கர் 20 குண்டை, அதாவது ஒன்றரை ஏக்கர். அந்தப் புள்ளி, நாம் பள்ளியில் படித்த தசமப் புள்ளியன்று. தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரத்தில் ஏக்கர் 1.20 என்றிருந்தால் 1 ஏக்கர் 20 சென்ட். ஒரே எண், வேறுபாடு 30 சென்ட், 13,068 சதுர அடி! பெங்களூரில் '30-க்கு 40' என்று விற்கிறார்களே, அத்தகைய மனைகள் பத்துக்கு மேல் அதற்குள் அடங்கும்.

இது ஏட்டுக் கணக்கன்று. நான் தங்கியிருக்கும் தெருவில் தருமபுரிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் சுவர் எழுப்பியவர். முதுமையில் ஊர்ப்பக்கம் போய்ச் சேரலாம் என்று, ஓசூருக்கு அப்பால் நிலம் பார்த்தார். தரகர் கொடுத்த தாளில் '0.20' என்று மட்டும் இருந்தது. "தம்பி, இருபது குண்டை, அரை ஏக்கர். விலை மலிவுதானே?" என்று என்னிடம் காட்டினார். மூலப் பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். இருந்தது 20 சென்ட். குண்டைக் கணக்கில் எட்டே எட்டு. முன்பணம் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. அங்கே 0.20 என்றால் 20 ஏர், கிட்டத்தட்ட அரை ஏக்கர்! ஆக, 0.20 என்னும் ஓர் எண், பகாணியில் 2,023 சதுர மீட்டர், பத்திரத்தில் 809, பட்டாவில் 2,000. அந்தப் பெரியவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை என்று நின்ற இடத்தில் சொல்பவர். அலகை மறைத்த தாளின் முன்னால் அந்த அறிவு என்ன செய்யும்?

"சென்ட்டும் குண்டையும் நம் மரபு, அவற்றை ஏன் விட வேண்டும்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சென்ட் நம் மரபா? ஏக்கரும் சென்ட்டும் ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தவை. நம் முன்னோர் குழி, மா, வேலி என்றார்கள். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆனால் குழியை அளந்த கோல் 12 சாண், 16 சாண் என இடத்துக்கு இடம் மாறியது. கோல் மாறக் குழியும் மாறியது. எனவேதான் கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலே பொறித்து வைத்தார்கள். ஐயமுற்றவன் எவனும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பாரிஸ் மக்கள் செய்ததும் இதுவே. மீட்டரின் நீளத்தைச் சலவைக் கல்லில் செதுக்கித் தெருச் சுவர்களில் பதித்தார்கள். வோஜிரார் தெருவில் ஒன்று இன்றும் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்குக்கூட உலோக உருளை அடிப்படையன்று. பிளாங்க் மாறிலியே அடிப்படை. சுவரிலிருந்து இயற்கைக்கே போய்விட்டோம். நோக்கம் மட்டும் மாறவில்லை: அளவு எவருடைய தனிச் சொத்தாகவும் இருத்தல் கூடாது. நம் மரபு என்று நான் போற்றுவது அந்தக் கோயிற் சுவரைத்தான்.

இந்தியா 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றியது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. கடையில் படியும் சேரும் போய் லிட்டரும் கிலோவும் வந்துவிட்டன. மக்கள் மாறமாட்டார்கள் என்பது பொய் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நிலத்தில் மட்டும் பழைய குழப்பம் நீடிக்கிறது. குழப்பத்தால் ஊதியம் பெறுவோர் சிலர் இருக்கும்வரை அது தானாக நீங்காது.

குண்டையையும் சென்ட்டையும் ஒழித்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. பேச்சில் அவை இருக்கட்டும். ஆனால் எந்த மாநிலத்து ஆவணமாயினும், பரப்பைச் சதுர மீட்டரிலும் அலகின் பெயரோடு எழுதட்டும். அரசுகள் அதைச் செய்யும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. நம் சங்கம் குண்டை, சென்ட், ஏர், சதுர அடி, சதுர மீட்டர் ஆகியவற்றைக் காட்டும் ஒரு பக்க அட்டவணையைத் தமிழில் அச்சிடலாம். இங்குள்ள கட்டடத் தொழிலாளர் குடியிருப்புகளில் அதைக் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே அமர்ந்து, கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சொல்லலாம். இதற்குப் பெரும் பட்டம் வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

நண்பர்களே! தமிழ் மக்களின் உழைப்புப் பணம் ஆண்டுதோறும் இந்த எல்லையைக் கடந்து நிலமாக மாறுகிறது. அந்த மண்ணின் அளவு அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பௌதிகம் படித்த நாம் அவ்வளவாவது செய்ய வேண்டாமா? சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். ஆதரிப்போர் கை தூக்குக. மறுப்போர் காரணம் கூறுக.