வளர்ப்பு, வளர்ப்பு என்று தாய்மாரை வதைக்காதீர்கள்

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் போன வாரம் பெற்றோர் கூட்டம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடப் படிப்பவன் மண்டையை உடைத்துவிட்டான். அவன் அம்மா காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, அன்னக்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து நின்றார். எல்லார் நடுவிலும் ஆசிரியர் கேட்டார்: "ஏம்மா, புள்ளைய இப்படியா வளப்ப? வீட்ல ஒழுங்கா இருந்தா இவன் ஏன் ரவுடியாவுறான்?" சுற்றியிருந்த தலைகள் ஆடின. அக்கா மகளுக்காகப் போயிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வடசென்னைப் பையன் எதைச் செய்தாலும் இந்த ஒரே தீர்ப்புதான். செல்போன் பறித்தால் வளர்ப்பு. கஞ்சாவோடு சிக்கினால் வளர்ப்பு. பஸ் கூரையில் ஏறினால் வளர்ப்பு. விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை. குற்றவாளி எப்போதும் அம்மாதான். விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் கிடக்கும் அப்பனை யாரும் கூப்பிட்டு நிற்கவைப்பதில்லை.

1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஜூனியர் மாணவர் நாவரசுவை ராகிங்கில் கொன்று துண்டாக்கினானே, அவன் எந்தக் குப்பத்தில் வளர்ந்தான்? மருத்துவர் வீட்டுப் பிள்ளை அவன். மருத்துவமே படித்துக்கொண்டிருந்த சீனியர். 2011இல் உச்ச நீதிமன்றம் அவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனையை நிலைநாட்டியது. அதற்காக, டாக்டர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று எந்தக் கூட்டத்திலாவது பேசினோமா? அந்தக் கொலைக்குப் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. வரவேண்டியதுதான். வசதியான வீட்டுப் பையன் கொன்றால் சட்டம் போடுகிறோம். மீன்காரம்மா மகன் கை நீட்டினால் அவளை நிற்கவைத்துத் திட்டுகிறோம்.

எண்ணூரில் பிள்ளையை வளர்ப்பது தாய் மட்டுமா? அனல்மின் நிலையச் சாம்பல் வளர்க்கிறது, மணலி ஆலைப் புகை வளர்க்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்துத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு முட்ட ஓடினார்கள். அந்த வளர்ப்புக்கு யார் பதில் சொல்வது?

காற்றில் மட்டுமல்ல, பிள்ளைகளின் ரத்தத்திலும் நஞ்சு இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்த ஆய்வு 2009இல் வெளியானது. சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அன்று கவலைக்குரிய அளவே 10தான். ஈயம் ஏறிய பிள்ளைகளிடம் கவனம் சிதறுவதும் நடத்தைச் சிக்கலும் கூடுதலாக இருந்தன. அமெரிக்காவின் சின்சினாட்டியில் கருவிலிருந்தே பின்தொடரப்பட்டவர்களில், ஈயம் கூடியிருந்தவர்கள் பெரியவர்களான பின் கூடுதலாகக் கைதானதை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். எந்தத் தாய் சோற்றில் ஈயம் பிசைந்து ஊட்டினாள்?

அரசு வளர்த்த கதையையும் பார்த்தோம். 2020 ஜூனில் ராயபுரம் அரசுக் காப்பகத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா வந்தது. உச்ச நீதிமன்றமே தலையிட்டு அறிக்கை கேட்டது. அன்று அரசைப் பார்த்து வளர்ப்பு சரியில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. சினிமாக்காரர்கள் வேறு, வடசென்னை என்றாலே பையன் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, நம் பேட்டை பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்கிறார்கள். தாய்மீது பழி போடுவதும் பேட்டைமீது பழி போடுவதும் ஒரே நோய். நாவரசுவைக் கொன்றவனின் ஊர்ப்பெயர் சொல்லி யாருக்காவது வீடு மறுத்தார்களா?

ஆசிரியர்களே, ஒரு பையன் கை நீட்டினால் அவனைத் தனியே உட்காரவைத்துப் பேசுங்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, பலகையில் எழுதுவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையின் ரத்தத்திலும் ஈயம் எவ்வளவு என்று பரிசோதித்து, கணக்கை ஊரறிய வெளியிட வேண்டும். அதுவரை எந்தத் தாயையும் கூட்டத்தில் நிற்கவைக்க எவருக்கும் உரிமை இல்லை.