தோலும் கனியே

கோலியனூர்க் கூட்டுரோட்டில் பழச்சாறு விற்கும் கடைகளின் ஓரத்தில், பிழிந்தெறிந்த எலுமிச்சை மூடிகளும் சாத்துக்குடித் தோல்களும் பொழுது சாய்வதற்குள் கூடை கூடையாகச் சேர்ந்து குப்பைக்குச் செல்வதைக் காணும்போதெல்லாம், "சாறு போனபின் தோலில் என்ன இருக்கிறது?" என்று நம் இல்லங்களில் வேரூன்றிவிட்ட அபிப்பிராயமே நினைவுக்கு வருகிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

முதலாவது, பழத்தின் பிரயோஜனமெல்லாம் சாற்றிலேயே அடங்கிவிடுகிறது என்பது. எலுமிச்சையை நகத்தால் கீறியதும் விரலில் ஒட்டி நெடுநேரம் நீங்காதிருக்கும் வாசனை, தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்ணிய பைகளில் நிறைந்துள்ள தைலத்தின் வாசனை. ஆரஞ்சுத் தோலைச் சுடரருகே மடக்கிப் பிதுக்கினால் பறக்கும் பொறி, அத்தைலத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம். எலுமிச்சை சாதத்தை இறக்கியபின், மஞ்சள் தோலைச் சிறிது துருவித் தூவிப் பாருங்கள். சாறு புளிப்பைத் தருகிறது, மணத்தைத் தோல் தருகிறது. சத்தைக் கருதினாலும், எடைக்கு எடை, ஆரஞ்சுச் சுளையில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கு மேல் வைட்டமின் சி தோலில் உண்டு. சமைக்கையில் அதில் ஒரு பகுதி அழியும் என்பது மெய்தான். எறிந்துவிட்டாலோ முழுவதும் வீணாகிறது.

இரண்டாவது, தோல் கசக்கும் என்பது. இது பாதி உண்மை. கசப்பு பெரும்பாலும் உள்ளேயுள்ள வெண்பகுதியைச் சார்ந்தது. மேல்தோலை மட்டும் மெல்லத் துருவினால் அது நம்மை அணுகுவதில்லை. அன்றியும், அறுசுவையில் கசப்புக்கும் ஓர் ஆசனம் இட்டுவைத்த சமூகம் நாம். நாரத்தங்காயைத் தோலோடு சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து ஜாடியில் ஊறவிட்டு, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அந்த உப்புநீரிலேயே இட்டுப் பக்குவம் செய்த நம் பாட்டிமார், உப்பு கசப்பை அடக்கும் என்ற ரகசியத்தை அனுபவத்தால் அறிந்திருந்தனர். காய்ச்சலில் நாக்கு மரத்துக் கிடந்தவனுக்குக் கஞ்சியோடு அவர்கள் கொடுத்த அந்தக் கறுத்த துண்டில் பெரும்பகுதி தோலே. ஆரஞ்சுத் தோலைப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, வெல்லம் சேர்த்து இறக்கும் குழம்பிலும் கசப்பு ருசியாகப் பரிணமிக்கிறது.

மூன்றாவது, தோலை உண்பது வெளிநாட்டு நாகரிகம் என்பது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ஆரஞ்சுத் தோல் கலந்த மார்மலேட் புகழ்பெற்றதும், சீனத்தின் சின்ஹுய் பகுதியில் உலர்த்திய தோலை ஆண்டுக்கணக்கில் முதிரவைத்துப் போற்றுவதும் மெய்யே. ஆயினும் இக்கனியினங்கள் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில் தோன்றிப் பரவியவை என்று 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. நாரத்தங்காய் ஊறும் ஜாடியை வீட்டில் வைத்துக்கொண்டு தோலை அந்நியம் என்பது நியாயமாகாது.

நான்காவது ஆட்சேபம் மட்டும் மதிக்கத்தக்கது: தோலில் பூச்சிமருந்தும், பளபளப்புக்காகப் பூசிய மெழுகும் தங்கியிருக்கும் என்பது. வெந்நீரில் கல்லுப்பிட்டுத் தேய்த்துக் கழுவினால் மெழுகு பெரிதும் நீங்கும். மருந்து முற்றிலும் நீங்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆகவே மெழுகு மினுங்கும் பழத்தின் தோலை விலக்குங்கள். கொல்லையில் காய்த்ததையும், மருந்தடிக்காமல் விளைவித்தவர் தருவதையும் நாடுங்கள். இந்த ஆட்சேபம் பழத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறதேயன்றி, தோலை எறியச் சொல்லவில்லை.

பிழிந்த எலுமிச்சை மூடியைப் புறம் திருப்பி, நெய்யும் திரியும் இட்டு, அம்மன் சந்நிதியில் விளக்காக ஏற்றும் மக்கள் நாம். தெய்வத்தின் முன் ஒளிதரத் தகுதி பெற்ற தோல், நம் அடுக்களையில் மணம் தரவும் தகுதி உடையதே. அடுத்த முறை பழத்தை அரிவதற்கு முன்பே அதன் தோலைத் துருவி வைத்துக்கொள்ளுங்கள். பிழிந்தபின் துருவுவது எளிதன்று.