நள்ளிரவில் ஒரு நாவலுக்காகக் கூட்டம்!

2025-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி இரவு. அமெரிக்காவில் கடுங்குளிர்காலம். ஆனாலும் பல ஊர்களில் புத்தகக் கடைகள் விளக்கெரியத் திறந்திருந்தன. மணி பன்னிரண்டு எப்போது அடிக்கும் என்று ஒரு கூட்டம் காத்துக் கிடந்தது.

சினிமா நட்சத்திரம் யாராவது வந்தாரா? இல்லை. மலிவு விலையில் துணி விற்றார்களா? அதுவும் இல்லை. ஒரு நாவல் வெளிவரப் போகிறது! அதை முதல் ஆளாக வாங்கத்தான் அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்த நாவலின் பெயர் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்'. எழுதியவர் ரெபெக்கா யாரோஸ் அம்மாள். இவர் ஒரு முன்னாள் ராணுவ வீரரின் மனைவி. ஆறு பிள்ளைகளுக்குத் தாய். அச்சுப் புத்தகம், செல்போனில் படிக்கும் புத்தகம், காதால் கேட்கும் புத்தகம் எல்லாம் சேர்த்து முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டன. பெரியவர்களுக்கான நாவல் ஒன்று இத்தனை வேகமாக விற்றது 20 ஆண்டுகளில் இதுவே முதல் தடவை என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள்.

"செல்போன் வந்த பிறகு யார் புத்தகம் படிக்கிறார்கள்?" என்று அலுத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்படியானால் இந்தக் கூட்டத்தை இழுத்தது எது?

காத்திருக்காத ராஜகுமாரி

இந்த வகை நாவலுக்கு 'ரொமான்டஸி' என்று பெயர். ரொமான்ஸ் என்றால் காதல். ஃபான்டஸி என்றால் மாயக் கற்பனை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்ட பெயர் இது.

பாட்டி சொன்ன கதையில் ராஜகுமாரி கோட்டையில் சிறைப்பட்டிருப்பாள். ராஜகுமாரன் ஏழு கடல், ஏழு மலை தாண்டிப் போய் மீட்டு வருவான். இந்த நாவல்களில் ராஜகுமாரி காத்திருப்பதில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு தானே புறப்பட்டுவிடுகிறாள்!

யாரோஸ் அம்மாள் எழுதி 2023-ல் வெளிவந்த 'ஃபோர்த் விங்' கதையைப் பாருங்கள். நாயகி வயலட்டுக்கு 20 வயது. மெலிந்த உடம்பு; மூட்டுகள் எளிதில் நழுவிவிடும். புத்தகங்களோடு வாழவேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் தாயோ ராணுவத் தளபதி. "டிராகன் வீரர்களின் கல்லூரியில் சேர்" என்று கட்டளை இடுகிறாள். டிராகன் என்பது இறக்கை முளைத்த, நெருப்புக் கக்கும் ராட்சதப் பிராணி. அதன் மேல் ஏறிப் போர் செய்யக் கற்கவேண்டும். தவறினால் சாவுதான். அங்கே ஒரு வாலிபன் இருக்கிறான். அரசாங்கத்தை எதிர்த்துக் கலகம் செய்து கொல்லப்பட்டவரின் மகன் அவன். வயலட்டின் குடும்பம் அவனுக்குப் பகைக் குடும்பம். அந்தப் பகைதான் பிறகு காதலாகிறது.

யாரோஸ் அம்மாளுக்கும் மூட்டுகளைத் தளர்த்தும் நோய் உண்டு. தம் வேதனையைத்தான் நாயகிக்குக் கொடுத்திருக்கிறார். உடம்பில் வலி, வீட்டில் அதிகாரம், வெளியில் ஏளனம். இவை படிக்கிற பெண்ணுக்கும் தெரிந்தவைதானே! டிராகன் மாயம். வலி நிஜம். வாசகியைப் பிடித்து இழுப்பது இந்தச் சேர்க்கைதான்.

பதினாறு வயதில் தொடங்கியவர்

இந்த வகையில் இன்னொரு பெரிய பெயர் சாரா ஜே. மாஸ். இவர் 16 வயதில் தம் முதல் நாவலைத் தொடங்கினார். யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று இணையத்தில் போட்டார். வாசகர்கள் சேர்ந்தார்கள். 2012-ல் 'திரோன் ஆஃப் கிளாஸ்' என்ற பெயரில் அது புத்தகமாயிற்று. வெளியிட்டது லண்டன் புளூம்ஸ்பரி கம்பெனி. ஹாரி பாட்டர் கதைகளை வெளியிட்ட அதே கம்பெனிதான். 2024-க்குள் மாஸின் புத்தகங்கள் 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன.

இவ்வளவு விற்பனைக்கு விளம்பரம் மட்டும் காரணம் அல்ல. 2020-ல் கொரோனா வந்து ஊரடங்கிய காலத்தில், வாசகிகள் செல்போன் காமிராவுக்கு முன் உட்கார்ந்து தாம் படித்த கதையைச் சொன்னார்கள். சிரித்தார்கள், அழுதார்கள். பார்த்தவர்கள் புத்தகத்தை வாங்கினார்கள். கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்திக்குக் கதை சொல்வது போலத்தான் இது. கிணற்றடி மட்டும் உலகம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது!

அலமாரி மாறியது

சரி, பெற்றோர் ஏன் கவலைப்படுகிறார்கள்? அந்தக் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' என்ற நாவல் 2015-ல் இளம் வாசகர்களுக்கான புத்தகமாக வெளிவந்தது. படுக்கையறைக் காட்சிகளும் அதில் உண்டு. 2020-ல் புதிய அட்டை போட்டார்கள். பெரியவர்களின் அலமாரிக்கு மாற்றினார்கள். அட்டை மாறியது, அலமாரி மாறியது. கதை மாறவில்லை!

சினிமாவுக்கு 'ஏ' முத்திரை உண்டு. புத்தகத்துக்கு அந்த வழக்கம் இல்லை. அட்டையில் பூவும் கிரீடமும் இருந்தால், சிறுவர் கதை என்று நினைத்துத் தாயே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். அங்கே 2024-ல் ஒரு சட்டம் வந்தது. சில கல்வி மாவட்டங்கள் ஒரு புத்தகத்தை ஆபாசம் என்று ஒதுக்கிவிட்டால் போதும். மாநிலம் முழுவதும் அரசாங்கப் பள்ளிகள் எல்லாம் அதை எடுத்துவிட வேண்டும். அந்த ஆகஸ்டில் 13 புத்தகங்களின் பட்டியல் வெளிவந்தது. அவற்றில் 6 மாஸ் எழுதியவை!

பள்ளிக்கூடம் தன் அலமாரியைக் கவனிப்பது சரிதான். ஆனால் 12 வயதுச் சிறுமியும் 18 வயதுப் பெண்ணும் ஒன்றா? இந்தத் தடை அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. மேலும், பள்ளியில் எடுத்துவிட்ட புத்தகம் கடையில் இருக்கிறது, செல்போனிலும் இருக்கிறது. தடையால் மறைந்தது புத்தகம் அல்ல. அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழிதான்.

இருநூறு வருஷத்து வழக்கு

"நாவல் படித்தால் பெண் கெட்டுப்போவாள்" என்ற பேச்சு புதியது அல்ல. இங்கிலாந்தில் 1794-ல் ஆன் ராட்கிளிஃப் அம்மாள் இருண்ட கோட்டையும் திகிலும் காதலும் கலந்த ஒரு நாவலை வெளியிட்டார். பெண்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஜேன் ஆஸ்டின் இதை வைத்தே 'நார்த்தாங்கர் அபி' என்று ஒரு நாவல் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1817 கடைசியில் அது வெளிவந்தது. அதில் வரும் 17 வயதுப் பெண் காதரீன் திகில் நாவல்களிலேயே ஊறிப்போனவள். விருந்துக்குப் போன வீட்டில் கொலை நடந்திருக்கும் என்று கற்பனை செய்து வெட்கப்பட்டு நிற்கிறாள். ஆஸ்டின் அவளைக் கேலி செய்கிறார். ஆனால் நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கதையின் நடுவே நாவலுக்காக வாதாடுகிறார். அன்று நாவல் என்றால் இளக்காரம். இன்று ஆஸ்டின் கல்லூரிப் பாடம்!

பிடுங்குவதா, பேசுவதா?

பிரிட்டனில் 2024-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 8 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளில், ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்றவர்கள் 100-க்கு சுமார் 35 பேர்தான். இந்தக் கணக்கு 2005-ல் தொடங்கியது. அதிலிருந்து 2024 வரை வந்த கணக்குகளில் இதுவே மிகக் குறைவாக இருந்தது.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் 500 பக்கப் புத்தகத்தை விரும்பிப் படிக்கிறாள் என்றால், அது சாமானிய விஷயம் அல்ல. அதைக் கையிலிருந்து பிடுங்கினால் புத்தகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஆகவே முதலில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். வயதுக்கு மீறியது என்று தோன்றினால், "இது இன்னும் சில வருஷம் கழித்து" என்று காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

இன்னொன்றையும் பேசவேண்டும். இந்த நாவல்களின் நாயகர்கள் பலர் கோபக்காரர்கள், அதிகாரம் செய்கிறவர்கள். அதுதான் காதல் என்று இளம் பெண் நினைத்துவிடக் கூடாது.

இதற்கு மாஸின் கதையிலேயே பதில் இருக்கிறது. 2016-ல் வந்த இரண்டாம் பாகத்தில் காதலன் நாயகியை மாளிகைக்குள் பூட்டி வைக்கிறான். "உன் பாதுகாப்புக்காகத்தான்" என்பது அவன் சமாதானம். அவளோ அவனை விட்டே போய்விடுகிறாள். பூட்டி வைப்பது அன்பு ஆகாது என்று கதை சொல்கிறது.

மகள் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம். இரு தரப்புக்கும் அதில் பாடம் இருக்கிறது.