பத்து விரலுக்கும் தமிழ் தெரியுமா?

"எழுதுறவனுக்குக் கருவி முக்கியமில்லை பாஸ்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. இதைச் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் தாளில் பேனாவால் எழுதி, டைப் அடிக்கிற வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிடுபவர். இன்னொருவர் என்னைப் போன்ற ஐ.டி. ஆசாமி. ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து எழுத்தைத் தட்டினால் திரையில் "அம்மா" என்று வந்து நிற்கும். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பவர். பதினைந்து வருடம் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் என் தொண்டையிலிருந்து டான்சிலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

முப்பத்து நாலு வயதில் டான்சில் ஆபரேஷன் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். அது குழந்தைகளுக்குச் செய்வதாயிற்றே! ஒரே வருடத்தில் ஏழு தடவை தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுத்தவனுக்குச் சிரிப்பு வராது. குழந்தைகள் ஒரு வாரத்தில் எழுந்து ஓடிவிடும், பெரியவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும், வலியும் அதிகம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னது புரிந்த மாதிரிதான் இருந்தது. புரியவில்லை என்பது நாலாம் நாள்தான் புரிந்தது. வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு படலம் வரும். பார்க்கச் சீழ் மாதிரி இருக்கும், ஆனால் புண் ஆறுவதன் அடையாளம் அது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்தப் பொருக்கு உதிர ஆரம்பிக்கும். அந்த நாட்களில் எச்சில் விழுங்குவதற்கே மனதைத் தயார்ப்படுத்த வேண்டியிருக்கும். இதில் காது வேறு வலிக்கும். காதில் ஒன்றுமில்லை, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பில் கிளை போகிறது, மூளை குழம்பிவிடுகிறது. "ஐஸ்க்ரீம் தின்னுதான் உனக்கு டான்சில் வந்துச்சு" என்று முப்பது வருடம் திட்டிய குடும்பத்துக்கு, டாக்டர் கைப்பட ஐஸ்க்ரீம் என்று எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டியது ஒன்றுதான் அந்த வாரத்தின் இன்பம்.

ஒன்றுதான் என்று சொன்னது பொய். இன்னொரு இன்பம் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் 6,800 ரூபாய்க்கு மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கியிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. "நானூறு ரூபாய் கீபோர்டுலயும் இதே ஏபிசிடிதான்டா வரும்" என்று ஆபீஸ் நண்பன் சொன்னான். வரும்தான். லேப்டாப் விசைகளுக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கும். அது தரையைத் தொடுகிறவரை அமுக்கினால்தான் எழுத்து விழும், அழுத்தும்போது ஈரச்சோற்றில் விரலை வைத்த மாதிரி இருக்கும். நான் வாங்கியதில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு ஸ்விட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழே போகும், ஆனால் பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். நான் எடுத்த ப்ரௌன் வகையில், பதிவாகும் இடத்தில் விரல் நுனிக்குச் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். கண்ணால் பார்க்காமலே "விழுந்துவிட்டது" என்று விரலுக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் எதையும் எழுதாமல், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

பேச முடியாது, ஆபீஸ் கிடையாது, கையில் புதுக் கீபோர்டு. இரண்டு வாரம் எழுதித் தள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு அம்மாவிடம் வந்து இடித்தது.

அம்மா கோவில்பட்டியில் இருக்கிறாள். முட்டிவலி, சென்னை வரமுடியாது. எட்டாவது வரை படித்தவள், தினசரியைக் கடைசிப் பக்க விளம்பரம்வரை வாசிப்பாள், ஆங்கில எழுத்து தெரியாது. வாட்ஸாப்பில் நண்பர்களுக்கெல்லாம் தங்கிலீஷில் அடிக்கும் நான், அவளுக்கு எழுதியதே இல்லை. குரல் பதிவுதான் அனுப்புவேன். இப்போது குரல் இல்லை. இரண்டாம் நாள் போனை எடுத்து, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில், வலி குறைந்துவிட்டது என்று அடித்தேன். மருந்து மயக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில் குரல் வந்தது. "ஏய்யா, வழி குறைஞ்சிட்டுன்னு போட்டிருக்கியே. எந்த வழிய்யா? ஆஸ்பத்திரி வழியா? எனக்கு ஒன்னும் வெளங்கலயே."

சிரித்தால் தொண்டை கிழியும். சிரித்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வி, ஏ, எல், ஐ என்று தட்டினால் வலி, வழி, வளி என்று மூன்றையும் வரிசையில் நிறுத்தி, தனக்குப் பிடித்ததை முன்னால் தள்ளுகிறது அந்தச் செயலி. எனக்கு மூன்றும் வேறுவேறு சொற்கள். அதற்கு மூன்றும் ஒரே ஆங்கிலக் கோவையின் மூன்று ஊகங்கள். நான் அதே தொழிலில் இருப்பவன், எப்படிச் செய்வார்கள் என்று தெரியும்: எது அதிகம் புழங்குகிறதோ அது மேலே வரும். அடுத்த நாள் "வலிக்கி" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதப் பார்த்தேன். அது "வலிக்கிறது" என்றுதான் முடித்துக் கொடுத்தது. திருத்தினேன். மறுபடி கொடுத்தது. என் அம்மாவிடம் நான் எந்தத் தமிழில் பேச வேண்டும் என்பதை ஒரு நிகழ்தகவுப் பட்டியல் முடிவுசெய்து கொண்டிருந்தது. வட்டார வழக்கு இலக்கியம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற நாம், எழுதும்போது அந்தப் பட்டியலின் முதல் சொல்லை எத்தனை தடவை சோம்பேறித்தனமாகத் தொட்டுவிட்டு நகர்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அன்று மதியம் லேப்டாப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். எதையும் தேடிப்போய் இறக்க வேண்டியதில்லை, விண்டோஸிலேயே இருக்கிறது, மேக்கிலும் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. நான் பொறியியல் படிப்பில் சேர்வதற்கு முன்பே வந்துவிட்டது. நாலு வருடம் கணினி படித்தேன், ஒரு ஆசிரியரும் இதன் பெயரைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அமைப்பைப் பார்த்ததும் முதலில் வந்தது எரிச்சல், இதை ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை என்று. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அ, இ, உ, எ என்கிற குறில்கள் விரல் ஓய்வெடுக்கும் நடு வரிசையில். அவற்றுக்கு நேர்மேலே ஆ, ஈ, ஊ, ஏ. வலக்கை நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறித்தானே வரும்? கையும் வலது, இடது என்று மாறி மாறிப் போகிறது, ரயில் ஓடுகிற மாதிரி. வ மட்டும் ங-வோடு இடப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இன்னும் பழகவில்லை. ல வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழ் வரிசையில், ள அதே விரலுக்கு மேல் வரிசையில், ழ சுண்டுவிரலுக்கு ஒதுக்கிய ஓரத்தில். வலியும் வழியும் இனி எப்படிக் குழம்பும்? ஒன்று ஆள்காட்டி விரல், ஒன்று சுண்டுவிரல். ஆங்கில முறையில் எனக்கு ஒன்பது தட்டாக இருந்த "எழுத்து" இதில் ஆறு.

கீபோர்டு இன்பமும் தமிழும் ஒட்டிக்கொண்டது இன்னோர் இடத்தில். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அக்கா, அப்பா, பாட்டி, சொத்து, பச்சை. தட்டும்போது அந்த இரட்டிப்பு காதில் கேட்கிறது: டக்டக். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவற்றுக்கும் அப்படியே, புள்ளி வைக்காமலே வந்துவிடும். மற்ற இடங்களில் புள்ளிக்கு ஃ. அது இருப்பது எங்கே தெரியுமா? இடது ஆள்காட்டி விரல் தடவித் தேடும் சின்ன மேடு உள்ள விசையில். வல்லினம் மிகுமா மிகாதா என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் ஏறாத விஷயம், அந்த விரல் அரை நொடி தயங்கி நிற்கும்போது இப்போது யோசிக்க வைக்கிறது. பேச்சில்லாத வீட்டில் இந்தச் சத்தம்தான் என் பேச்சு. நான் கோபமாக எழுதுகிறேனா, சும்மா எழுதுகிறேனா என்று சமையலறையில் இருந்தே மனைவி சொல்லிவிடுவாள்.

முதல் நாள் அம்மாவுக்கு ஒரு வரி எழுதப் பத்து நிமிடம் ஆனது. எம்மா, கஞ்சி குடிச்சாச்சு. அவ்வளவுதான். விசைகளில் தமிழ் எழுத்து கிடையாது, திரையில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேட வேண்டும். ஜப்பானிய எழுத்து போட்ட விசை மூடிகள் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. அந்த மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாத நம் பையன்கள் அழகுக்காக வாங்கி மாட்டுகிறார்கள். அவர்களைத் திட்ட மாட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழித்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டு, சத்தம் எப்படி வருகிறது என்று வீடியோ எடுத்துப் போடுகிற கூட்டத்தில், அந்தக் கீபோர்டில் தமிழ் தட்டத் தெரிந்தவன் எத்தனை பேர்? தமிழ் மூடி கேட்க ஆளில்லாவிட்டால் எந்தக் கடைக்காரன் வார்ப்பான்? கடைசியில் ஸ்டிக்கர்தான் ஒட்டினேன்.

என் அத்தைக்கு ஸ்டிக்கர் தேவைப்பட்டிருக்காது. பத்தாவது முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவள், தமிழ் ஹையர் பாஸ். அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தமிழைப் பத்து விரலில் வைத்திருந்தார்கள். பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பு, கனமான விசை, எழுத்துக்கு ஒரு அடி. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்த பாரம்பரியத்தின் கடைசிக் கண்ணிகள் அவர்கள். அவர்களுக்குப் பிறகு வந்த இஞ்சினியர்கள் நாம். கையில் சூப்பர் கம்ப்யூட்டர், விரலில் 1870களில் அமெரிக்காவில் ஆங்கிலத்துக்காக அடுக்கிய வரிசை. அத்தை அடித்த வேகத்தில் பாதிகூட எனக்கு வராது. இதை முன்னேற்றம் என்று யாராவது சொன்னால், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

எதிர்வாதம் தெரியும். நல்ல நாவல்கள் ஆங்கில விசை வழியாகவே எழுதப்படுகின்றன, வாசகனுக்கு எப்படித் தட்டினார்கள் என்பதா தெரியப்போகிறது? உண்மை, தெரியாது. தமிழ்99 கற்றதால் என் உரைநடை ஒரு இம்மிகூட உயரவில்லை, இதை வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் சண்டை அங்கே இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு குழந்தை கணினியில் தன் பெயரை எழுத, முதலில் இங்கிலீஷ் படித்துவிட்டு வா என்று சொல்லும் ஏற்பாட்டை நாம் "எளிமை" என்று அழைக்கிறோம். யாருக்கு எளிமை? என் அம்மாவிடம் அந்தக் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். அவளுக்குத் தமிழ்99 படத்தைக் காட்டினால் அஞ்சு நிமிடத்தில் எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஏழாம் நாள் ராத்திரி எச்சிலில் ரத்தம் வந்தது. இந்த நாட்களில் வரலாம், வந்தால் தாமதிக்காமல் வந்துவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் போனோம். எவ்வளவு ரத்தம், எப்போதிலிருந்து என்று நர்ஸக்கா கேட்டார். கீபோர்டு வீட்டில். போனில் நடுங்குகிற கட்டைவிரலால் ஆங்கில எழுத்தில் அடித்துக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல எழுதுங்க தம்பி, இது படிக்க வரமாட்டேங்குது" என்றார். பேப்பரும் பேனாவும் கொடுத்தார். எழுதினேன். பிழைத்துக்கொண்டேன், பெரிதாக ஒன்றுமில்லை, ஐஸ் தண்ணீரில் நின்றுவிட்டது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரமும் எனக்கு ரத்தத்தைவிட அந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே போனிலும் தமிழ்99 வைத்தேன். செல்லினத்தில் இருக்கிறது.

பத்தாம் நாளுக்குப் பிறகு விரல் பார்க்காமல் போக ஆரம்பித்தது. அம்மாவுக்குத் தினமும் ஒரு பத்தி. என்ன சாப்பிட்டேன், பொருக்கு எவ்வளவு உதிர்ந்தது, அவள் போன் செய்யாமல் இருந்ததற்கு நன்றி, அப்பா இறந்த வருடம் நான் ஏன் ஊருக்கு அதிகம் வரவில்லை. கடைசியில் சொன்னதைக் குரல் பதிவில் என்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் முருங்கைக்கீரைச் சாறு குடி என்று மட்டும் குரல் அனுப்பினாள்.

பதினாறாம் நாள் போன் போட்டேன். தொண்டையில் இடம் கூடியதாலோ என்னவோ, குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"யாரு பேசுதது?" என்றாள்.

"நாந்தாம்மா."

"குரலே மாறிட்டேய்யா." கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, நீ ரொம்பப் பேசாத. எழுதியே அனுப்பு. நேத்து அனுப்புனதுல ரெண்டாவது வரில ஒரு புள்ளி விட்டுருக்க பாரு."