படத்தில் எழும் திருகோணமலை

ஒரு நகரத்தின் வருங்காலத்தை முன்னாளிற் சோதிடரிடம் கேட்டனர். இந்நாளிற் கணனியிடம் கேட்கின்றனர். இன்னும் கல் நடாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல ஒளியும் நிழலுமாகத் தீட்டிக் காட்டும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன. கொழும்புத் துறைமுக நகரின் பணி 2014 செப்டெம்பர் 17இல் தொடங்கியபொழுது அவ்விடத்தில் அலையே இருந்தது. 269 ஹெக்டேயர் நிலம் பின்னரே கடலினின்றும் எழுந்தது. ஆயின் அதற்கு முன்பே மாடமாளிகைகளைப் படத்திற் கண்டுவிட்டோம். அவற்றுட் பெரும்பாலானவை இன்னமும் படத்திலேயே உள்ளன.

இப்பொழுது திருகோணமலையின் முறை. சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனம் இப்பகுதிக்கென ஒரு பெருந்திட்டம் வரைந்தது. பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் குறித்து 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. நகரை எரிசக்தி மையமாக்குதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் 2025 ஏப்ரல் 5இல் இணக்கம் கண்டன. இத்தகைய திட்டங்கள் ஆட்சியாளரிடம் எழுத்தாகச் செல்லும். மக்களிடமோ படமாகவே வரும்.

நகர அபிவிருத்தித் திட்டமொன்றின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து அவர்தம் ஆட்சேபனைகளைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், நிலவரைபடத்தின் கோடுகளையும் நிறங்களையும் படித்துப் பொருள் கொள்ளவல்லார் எத்தனை பேர்? திருக்கடலூரின் மீனவரும், உட்துறைமுக வீதியின் கடைக்காரரும் படத்தைப் பார்த்தே ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ சொல்லப் போகின்றனர். ஆகவே, எந்த மென்பொருளைக் கொண்டு படம் ஆக்குவது என்பது வரைஞரின் தொழில் வினா மட்டுமன்று. அது குடிமக்களின் வினாவுமாகும்.

இம்மென்பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒளிக்கதிர் சுவரிற் பட்டு, தரையிற் பட்டு, மீண்டும் கூரையிற் பட்டுச் சிதறுவதைப் பொறுமையாகக் கணக்கிடுவது ஒருவகை. இக்கணக்கின் பொதுச் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா என்னும் அறிஞர் 1986இல் வகுத்துத் தந்தார். வீ-ரே என்பதும், பிளெண்டரின் உள்ளே இயங்கும் சைக்கிள்ஸ் என்பதும் இவ்வகையின. ஒரு படம் முடியச் சில நிமிடங்களும் ஆகலாம். ஓர் இரவும் ஆகலாம். மற்றவகை, கணனி விளையாட்டுக்களின் வழிவந்தது. லூமியன், ட்வின்மோஷன் போன்றவை கண்ணிமைக்கும் நேரத்திற் காட்சியைத் தருவன. பார்ப்பவர் அதனுள்ளே நடந்து செல்லலாம். விரும்பிய மூலையிற் திரும்பி நோக்கலாம். முன்னதன் வலிமை துல்லியம். பின்னதன் வலிமை வேகம்.

நம் நாட்டு வரைஞர்க்கு இத்தேர்வு வெறும் அழகுணர்ச்சியால் அமைவதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்டில், இரவெல்லாம் ஓடவேண்டிய கணக்கு எவ்வாறு முடியும்? அவ்வாண்டிலேயே 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. டொலரிற் சந்தா கேட்கும் மென்பொருளின் விலை சில வாரங்களில் ஏறக்குறைய இருமடங்காயிற்று. பிளெண்டரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 2002இல் அதன் பயனாளர் ஒரு இலட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டு, எவரும் விலையின்றி எடுத்தாளும் பொதுச் சொத்தாக்கினர். ட்வின்மோஷனும் ஆண்டு வருமானம் பத்து இலட்சம் டொலருக்குக் குறைந்தோர்க்கு இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஆகையால், வறுமையைக் காரணங்காட்டித் திருட்டுப் பிரதியை நாடவேண்டிய தேவை இப்பொழுது இல்லை.

எனினும் விலையும் வேகமும் முடிவான உரைகற்கள் அல்ல. உண்மையான உரைகல் ஞாயிறே. திருகோணமலை நடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையளவில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நிழல் காலடியில் ஒடுங்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கு வானிற் செல்லும். பத்து மீற்றர் உயரமுள்ள சுவர், ஜூன் 21 நண்பகலிற் தெற்கே இரண்டரை மீற்றருக்குச் சற்று மேலாக நிழல் தரும். டிசெம்பர் 21இல் வடக்கே ஆறு மீற்றருக்குச் சற்று மேலாகத் தரும். கச்சான் காற்று அனலாய் வீசும் காலத்திலேதான் வடக்குச் சுவரில் வெயில் ஏறுகின்றது. வடக்குச் சுவருக்கு வெயிலில்லை என்னும் ஐரோப்பிய நினைவில் தீட்டிய கண்ணாடி மாளிகை, படத்திற் குளிர்ந்திருக்கும். கட்டிய பின் சூளையாகும்.

மென்பொருளில் ஞாயிற்றை விரும்பிய திசைக்கு இழுத்து வைக்கலாம். டச்சுக் குடாவின் கீழ்க்கடலில் அந்திச் செம்மை பரவுவதாகக் காட்டவும் அதற்குத் தடையில்லை. அவ்வூரார் எல்லாரும் அறிவர், ஞாயிறு அங்கே எழுவதன்றி மறைவதில்லை என்று. மறைவது உட்துறைமுகப் பக்கத்திலேயாம். இடத்தையும் நாளையும் நேரத்தையும் இட்டு, ஞாயிற்றை அதன் வழியே செல்லவிடும் வசதி இம்மென்பொருள்களிற் பலவற்றில் உண்டு. அதனை ஆளாதது கருவியின் குற்றமன்று; ஆள்பவரின் குற்றமே.

இன்னொன்றும் உண்டு. மென்பொருளுடன் வரும் களஞ்சியத்தில் மேலைநாட்டு மரங்களும் குடைநிழல் இருக்கைகளும் மலிந்திருக்கும். பூவரசும் பனையும், பிரெட்ரிக் கோட்டையில் உலவும் புள்ளிமான்களும் தாமே வந்துவிடா. வரைஞர் தேடி வைக்கவேண்டும். கரைவலை இழுப்பதற்கு நீண்ட வெறுமணல் வேண்டும். படத்தில் அது வெற்றிடமாகத் தோன்றும். வெற்றிடத்தை நிரப்புதல் படக்காரரின் இயல்பு. பத்து இருக்கைகளை இட்டவுடன் காட்சி அழகுபெறும். ஒரு குடும்பத்தின் தொழிற்களம் மறைந்துபோகும். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஓர் உண்மை அழிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரான ஹம்ப்ரி ரெப்டன் என்னும் தோட்டக் கலைஞர், தம் சித்திரங்களின்மேல் மடிப்புத்தாள் ஒன்றை ஒட்டிவைப்பார். தாள் கிடந்தால் இன்றைய நிலம். தூக்கினால் நாளைய நிலம். பார்ப்பவர் இரண்டையும் ஒரே இடத்தினின்று ஒப்புநோக்கினர். அந்த நேர்மையையே இன்று நாமும் கேட்கவேண்டும்.

ஆதலின் எம் முடிபு இது. மக்கள் முன் வைக்கும் திட்டத்துக்கு, உள்ளே நடந்து பார்க்கத்தக்க வேகமான மென்பொருளே முதலிற் பொருந்தும். ஏனெனில் வரைஞர் தேர்ந்தெடுத்த ஒரு கோணத்துக்கு அப்பாலும் பார்வையாளர் செல்லலாம். ஒளியும் வெப்பமும் வழக்காகும் இடத்தில், பொறுமையாகக் கணக்கிடும் மென்பொருள் சான்று கூறட்டும். எவ்வகையாயினும், படத்தின் கீழே நாள், நேரம், திசை, நோக்கும் இடம் நான்கும் எழுதப்படுக. பக்கத்தில் இன்றைய காட்சி வைக்கப்படுக. மாதிரியின் கோப்பு விலையில்லா மென்பொருளிலும் திறக்கத்தக்கதாய் வழங்கப்படுக.

கண்ணாற் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். படத்தைக் காட்டுவோரிடம் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி ‘எவ்வளவு செலவு?’ என்பதன்று, ‘இந்தப் படத்தில் ஞாயிறு எந்தத் திசையில் நிற்கின்றது?’ என்பதே.