மஞ்சள் கருவுக்கு ஏன் இந்தத் தண்டனை?

சோற்றைக் குறைச்சாச்சு. இட்லியை நிறுத்தியாச்சு. சீனி போட்ட டீக்கு டாட்டா காட்டியாச்சு. ஆனா மூன்றாவது வாரம் தலைசுற்றல், வீட்டில் எல்லோர் மேலேயும் எரிச்சல், ராத்திரி பத்து மணிக்கு யாருக்கும் தெரியாமல் ரஸ்க் டப்பா.

"இந்த லோ கார்ப், பேலியோ எல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது டாக்டர்."

சரி, இத்தனை நாளும் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். வெள்ளரிக்காய். தண்ணியா ரசம். எண்ணெய் ஊற்றாமல் வேகவைத்த பொரியல். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். ஆடை எடுத்த மோர்.

நண்பர்களே, இதுக்குப் பேர் குறை மாவு உணவுமுறை இல்லை. இதுக்குப் பேர் பட்டினி.

இந்த நீண்ட இழை அந்தப் பட்டினியைப் பற்றியும், அதுக்குக் காரணமான கொழுப்பு பயத்தைப் பற்றியும்தான்.

முதல்ல ஒரு எளிய கணக்கு. அறுபது கிலோ எடையில், வீட்டு வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1600 கலோரி தேவை என்று வைப்போம். நம்ம ஊர் வழக்கப்படி அதில் சுமார் 1000 கலோரி சோறு, இட்லி, தோசையிலிருந்தே வரும். அதாவது 250 கிராம் மாவுச்சத்து. இதை 50 கிராமாகக் குறைத்தால் மிஞ்சுவது 200 கலோரி. 800 கலோரி மேசையிலிருந்து எழுந்து போயாச்சு. அந்த இடத்துக்கு யார் வர்றது?

புரதம் கொஞ்சம் வரலாம். ஆனால் புரதம் உடம்பைக் கட்டும் செங்கல். அடுப்புக்கு விறகு இல்லை. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது ஏறக்குறைய 17 கலோரி. ஆறு சாப்பிட்டாலும் ஏறக்குறைய நூறுதான். காய்கறியில் இன்னொரு நூறு, நூற்றைம்பது. மொத்தத்தையும் கூட்டிப் பாருங்க, 500 கலோரிக்குள்ள நிக்கும். உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஓரளவு கைகொடுக்கும், அதுதான் எடை குறைய வழி. ஆனா மொத்தப் பற்றாக்குறையையும் அதன் தலையில் கட்ட முடியாது. பசி ஜெயிக்கும். எப்பவுமே ஜெயிக்கும். அப்புறம் "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை டாக்டர்" என்று தன்னையே திட்டிக்கொள்வது.

மனக்கட்டுப்பாட்டில் குறை இல்லை. தட்டில் கொழுப்பு இல்லை. அவ்வளவுதான்.

தொற்றா நோய் ஓபியில் வாரம் நாலு தடவையாவது நடக்கும் உரையாடல் இது.

"முட்டை சாப்பிடுறீங்களாம்மா?"

"சாப்பிடுறேன் சார். மஞ்சக்கருவை எடுத்துட்டுத்தான்."

"அந்த மஞ்சக்கருவை என்ன பண்ணுவீங்க?"

"பேரனுக்குக் குடுத்துருவேன். அவன் சின்னப் புள்ள, ஒண்ணும் பண்ணாது."

பேரன் குடுத்து வச்சவன். பள்ளிக்கூடச் சத்துணவில் முழு முட்டை, வீட்டில் பாட்டியின் மஞ்சள் கருவும் சேர்த்து. வைட்டமின் ஏ, வைட்டமின் டி, கோலின், பி12-ல் பெரும்பங்கு எல்லாம் அந்த மஞ்சள் உருண்டைக்குள்ளேதான் இருக்கு. மாதவிடாய் நின்று எலும்பு தேயும் வயதில், கால் எரிச்சலோடு வரும் பாட்டிக்கு அதெல்லாம் கூடாதாம். ஆனா காலையில் ஓட்ஸ் கஞ்சி, பதினொரு மணிக்கு மேரி பிஸ்கட் ஆகுமாம். அதில் கொலஸ்ட்ரால் இல்லையே!

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. நாடே பதறியது. மனுஷன் பல வருஷம் அடுக்கடுக்காக சிகரெட் புகைத்தவர். ஆனால் பேச்சு சிகரெட்டை விட்டுவிட்டு சாப்பாட்டுத் தட்டுக்குப் போனது. ஏன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 1953-லேயே ஆறு நாடுகளை வைத்து ஒரு வரைபடம் போட்டிருந்தார். கொழுப்பு கூடக் கூட இதய மரணமும் கூடும் என்று அழகாக மேலே ஏறும் கோடு. 1957-ல் யெருஷால்மி, ஹில்லபோ என்ற இருவர், 22 நாடுகளின் புள்ளிவிவரம் கையில் இருக்கும்போது ஏன் ஆறு என்று கேட்டார்கள். எல்லா நாடுகளையும் போட்டால் அந்தக் கோடு அவ்வளவு அழகாக இல்லை. கேள்வி கேட்டவர்களை யாரும் நினைவில் வைக்கவில்லை. 1961-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் வந்தவர் கீஸ்.

1977-ல் அமெரிக்க செனட் குழு ஒன்று, கொழுப்பைக் குறையுங்க, மாவுச்சத்தைக் கூட்டுங்க என்று மொத்த நாட்டுக்கும் இலக்கு வகுத்தது. கொழுப்பை எடுத்துவிட்டால் பண்டம் வைக்கோல் மாதிரி இருக்கும். ருசிக்கு என்ன சேர்த்தார்கள்? சர்க்கரையும் மாவும். 'லோ ஃபேட்' என்று எழுதிய டப்பாக்கள் பிறந்தது இப்படித்தான்.

இன்னொரு சங்கதியும் இருக்கு. 1967-ல் பெயர்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில், இதய நோய்க்கு முக்கியக் காரணம் கொழுப்புதான் என்று அழுத்தி, சர்க்கரை மேல் இருந்த சந்தேகத்தை மட்டம்தட்டி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹார்வர்டு ஆட்கள். அதற்குக் காசு கொடுத்தது சர்க்கரை ஆலைகளின் அமைப்பு என்பது 2016-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. ஐம்பது வருஷம்!

இதெல்லாம் பழைய கதை, சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்பீங்க. பார்த்தார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை வைத்து நடந்த பிரம்மாண்ட ஆய்வு. முடிவு 2006-ல் வந்தது. ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்து காய், பழம், தானியத்தைக் கூட்டச் சொன்னார்கள். இன்னொரு பிரிவு வழக்கம்போலச் சாப்பிட்டது. ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்பெயினில் நடந்த ப்ரெடிமெட் ஆய்வில், ஆலிவ் எண்ணெயும் கொட்டைப் பருப்பும் தாராளமாகச் சாப்பிட்டவர்களுக்கு இதய, மூளை ரத்தக்குழாய் நோய்கள் குறைவாகவே வந்தன. அது குறை மாவு உணவு இல்லை, சரி. ஆனா எண்ணெய் உள்ளே போனாலே ஆள் காலி என்ற கதைக்கு அது ஒரு பதில்.

2015-ல் அமெரிக்க உணவு வழிகாட்டலுக்கான நிபுணர் குழு, உணவில் உள்ள கொலஸ்ட்ரால் அளவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. பயத்தை ஏற்றுமதி பண்ணிய ஊரே பின்வாங்கியாச்சு. நம்ம ஊர்ப் பாட்டிக்குத்தான் அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

"சார், நெய் உறைஞ்சு போகுதே, ரத்தக்குழாயிலும் அப்படித்தானே உறையும்?"

இந்தக் கேள்வியைக் கேலி பண்ண மாட்டேன். கண்ணால் பார்ப்பதை வைத்துத்தானே மனுஷன் யோசிப்பான். மார்கழிக் குளிரில் கிண்ணத்தில் உறையும் நெய், 37 டிகிரி உடம்புச் சூட்டில் உருகித்தான் இருக்கும். அதைவிட முக்கியம், சாப்பிட்ட நெய் நெய்யாகவே ரத்தத்தில் ஓடுவதில்லை. பித்தநீர் அதை உடைக்கிறது, குடல் உறிஞ்சுகிறது, புரத உறை போட்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக அது பயணம் போகிறது. வீட்டு சிங்க் அடைத்துக்கொள்வது மாதிரி ரத்தக்குழாய் அடைப்பதில்லை. குழாயின் உள்சுவர் புகையால், பிபியால், கூடிய சர்க்கரையால் கெட்டுப்போய், அதற்குள் எல்டிஎல் பொட்டலங்கள் வருஷக்கணக்கில் போய்ச் சேர்வதால் வரும் கோளாறு அது. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம்ம உடம்பே தயாரிக்கிறது. சாப்பிடுவது சிறு பங்கு.

அப்புறம் அந்த ட்ரைகிளிசரைடு. லேப் ரிப்போர்ட்டில் 350 என்று வந்ததும் முதல் வேலையாக முட்டையையும் தேங்காயையும் நிறுத்துறீங்க. உங்க ரத்தத்தில் அதைப் பெரும்பாலும் ஏற்றுவது எது தெரியுமா? சோறு, மைதா, ஜூஸ், சாராயம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. குற்றவாளி தப்பிச்சாச்சு, பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே போயாச்சு.

பிரியாணி சாப்பிட்டு வந்தவர்கூட "சிக்கன் சாப்பிட்டேன் டாக்டர், அதான் சர்க்கரை ஏறிடுச்சு" என்பார். கூட உள்ளே போன முக்கால் தட்டு அரிசியைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஐசிஎம்ஆர் இன்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு: இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், இன்னும் 13 கோடிக்கு மேல் அதன் வாசலில். நம்ம சாப்பாட்டுக் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து. தட்டில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருப்பவனை விட்டுவிட்டு, ஓரமாக ஒரு ஸ்பூன் இருக்கும் நெய்யை விரட்டிக்கிட்டு இருக்கோம். இதுக்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்பதை எந்த அரசு மருத்துவமனை அறுவைசிகிச்சை வார்டிலும் பார்க்கலாம். கட்டு போட்ட கால்கள். சில படுக்கைகளில் அந்தக் காலும் இல்லை.

அதே சமயம் எதிர்க்கட்சிக்கும் ரெண்டு வார்த்தை. கொழுப்பு பயம் போகணும் என்றால், காபியில் வெண்ணெய்க் கட்டியை மிதக்க விட்டு செல்ஃபி எடுக்கணும் என்று அர்த்தம் இல்லை. "எல்டிஎல் எல்லாம் மாத்திரைக் கம்பெனி சதி, ஸ்டாட்டினைத் தூக்கிப் போடு" என்று சொல்பவர்களை நம்பாதீங்க. எல்டிஎல் கூடுவது நல்லதில்லை. குறை மாவு உணவில் சிலருக்கு அது நன்றாகவே ஏறும். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் அளவு மீறினால் ஏறும் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஸ்டென்ட் வைத்தவர் தானாக ஸ்டாட்டினை நிறுத்துவது உயிரோடு விளையாட்டு.

அப்ப எந்தக் கொழுப்பு? முழு முட்டை. மத்தி, அயிலை, மாதிரி மலிவான மீன். வஞ்சிரம்தான் வேணும் என்றில்லை. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, எள். சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஒரு தடவை சூடு பண்ணியதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல். ஆடை எடுக்காத தயிர். சைவக்காரர்களுக்கு பனீர். துருவிய தேங்காயும் நெய்யும் ருசிக்கு, அளவோடு. வனஸ்பதியைத் தொடாதீங்க. டிரான்ஸ் கொழுப்புக்கு 2022-லிருந்து 2 சதவீதம்தான் வரம்பு என்று சட்டமே இருக்கு. ஆனா பப்ஸ் கடையில் வட்டார வழக்குதான் சட்டம்.

பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதிகக் காசு கொடுக்காதீங்க. செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் வரும் அளவுக்கு இருக்காது. உப்பு பாக்கெட்டில் 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதுவது மாதிரிதான் இதுவும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருக்கணும். கொழுப்பைக் கூட்டுவது மாவைக் குறைத்தவருக்கு மட்டும். மூணு வேளைச் சோறும் அப்படியே இருக்க, மேலே ரெண்டு கரண்டி நெய்யும் ஊற்றிக்கிட்டு "டாக்டர்தான் சொன்னார்" என்று என் தலையை உருட்டாதீங்க. பரோட்டாவும் அதே ரெண்டின் கூட்டணிதான்.

இந்த உணவை யார் தானாகத் தொடங்கக் கூடாது? இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்கள்: மாவு குறைந்து மருந்து குறையாவிட்டால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழுவீங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள்: சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. பிபி மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோய், பித்தப்பைக் கல், கணைய அழற்சி உள்ளவர்கள், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் எகிறும் குடும்பங்கள், எல்லோரும் முதலில் மருத்துவரைப் பாருங்க. ட்ரைகிளிசரைடு ஆயிரத்தைத் தொட்டவருக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது. அவருக்குக் கொழுப்பையே குறைக்க வேண்டியிருக்கும்.

மற்றவர்கள் தொடங்கும் முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை: லிப்பிட் புரொஃபைல், ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின். எல்டிஎல் ஏறியிருந்தால் நெய்யையும் தேங்காயையும் குறைத்து கடலை, மீன் பக்கம் போகலாம். அதற்கும் இறங்காவிட்டால் மாத்திரை பற்றிப் பேசலாம்.

ஓபிக்கு வரும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க. முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்க, ராத்திரி பத்து மணி ரஸ்க் உட்பட.