கோழிக்கூண்டு யாருடைய பிரச்சினை?

கோழிப்பண்ணைகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தோழர், நம்ம சனத்துக்குக் குடியிருக்க இடமில்ல, பட்டா இல்ல. இதுல கோழிக்கு இடம் பத்தலைன்னு ஒரு கட்டுரையா?"

நியாயமான கேள்விதான். ஜீவகாருண்யம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டிவைத்து அடித்தவர்கள் விலங்கின் பெயரைச் சொல்லித்தான் அடித்தார்கள். நம் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவர்களின் வாயில்தான் அந்தச் சொல் அதிகம் புழங்குகிறது.

ஆனால் அந்தக் கருணை கோழிப்பண்ணை வாசலுக்கு மட்டும் வருவதில்லை. 2017-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே 23 அன்று ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாது என்றது. அது தோல் தொழிலையும் மாட்டுக்கறி வியாபாரத்தையும் அவற்றை நம்பிய தலித், முஸ்லிம் குடும்பங்களையும் நேராகத் தொட்ட விதி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பைப் பற்றித் தன் 269-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. கூண்டு நெருக்கடி கொடுமை என்று அரசின் சொந்த ஆணையமே சொல்லியும், அதன் மேல் ஒரு வரைவு விதி வெளியாக 2019 ஆனது. பசுவுக்கு இருக்கும் புனிதம் கோழிக்குக் கிடையாது. கோழியின் மேல் யாருடைய ஓட்டும் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த வரைவு கேட்டது எவ்வளவு தெரியுமா? ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர். மாணவத் தோழர்கள் கையிலிருக்கும் ஏ4 தாளைப் பாருங்கள், அதன் பரப்பு சுமார் 624. அந்தத் தாளைவிடச் சிறிய இடம்தான் சீர்திருத்தம்! நடைமுறையில் இருப்பது அதைவிடவும் குறைவு. நாமக்கல் பகுதியில் நாளுக்குச் சில கோடி முட்டை இப்படித்தான் வருகிறது. கோழி கம்பித் தரையில் நிற்கும். ஒன்றரை ஆண்டு போல முட்டையிடும். இறக்கையை முழுசாக விரிக்காமலேயே கிழக்கோழியாக லாரி ஏறும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் குஞ்சிலேயே சூட்டுக் கத்தியால் மூக்கு வெட்டிவிடுவார்கள். முட்டையினத்தில் சேவல் குஞ்சால் லாபமில்லை, பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள். கறிக்கோழியின் கதை வேறு. அதற்குக் கூண்டு இல்லை, தரைதான். ஆனால் சுமார் நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட உடம்பை அதன் கால்களே தாங்குவதில்லை. போத்தனூர்க்காரர்கள் இதன் கடைசிக் காட்சியைத் தினமும் பார்க்கிறோம். பல்லடம் பக்கமிருந்து வாளையாறு தாண்டப் பைபாஸில் போகும் கோழி வண்டிகள்தான் அவை. பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, மழையானாலும் வெயிலானாலும் திறந்தபடியே போகும்.

கோழி என்றால் என்ன என்று நம் அம்மாக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேரியில் நாலு கோழி வளர்க்கிறவருக்குத் தெரியும், அது நாளெல்லாம் கிளறும், மண்ணில் புரளும், முட்டையிட மறைவிடம் தேடும். அந்த நாலு கோழிதான் பல பெண்கள் தங்கள் கையில் வைத்திருந்த ஒரே காசு. 1965-இல் இங்கிலாந்தின் பிராம்பெல் குழு சொன்னதிலிருந்து வளர்ந்த ‘ஐந்து சுதந்திரங்கள்’, 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றத்தின் வாயிலும் வந்தன. இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம் அதில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012-இலேயே தடை செய்துவிட்டது. நம்மிடமும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நகர இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது. முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு அட்டை முட்டையின் விலைகூட இல்லை.

சரி, இதில் நாம் எங்கே இருக்கிறோம்?

ஷெட்டுக்குள்ளே இருக்கிறோம். ‘குடும்பத்துடன் தங்கி வேலை செய்ய ஜோடி ஆட்கள் தேவை’ என்று மின்கம்பத்தில் ஒட்டியிருப்பதைப் படித்திருப்பீர்கள். ஜோடி என்றால் புருஷன், பெண்டாட்டி. கூலி ஜோடிக்கு. அது ஆணின் கையில் போகிறது, பெண்ணுக்கு என்று தனிக் கணக்கு இல்லை. வேலை நிமித்தம் நான் போன ஒரு பண்ணையில் அருந்ததியர் குடும்பம் ஒன்று ஷெட்டை ஒட்டிய தகர அறையில் இருந்தது. செத்த கோழி பொறுக்குவது, எரு அள்ளுவது எல்லாம் அவர்கள் வேலை. அந்த நெடியில் எனக்குப் பத்து நிமிடத்தில் கண் எரிந்தது. அவர்களின் ஆறு வயதுப் பெண் அங்கேயே தூங்கி எழுகிறாள். முன்பணம் வாங்கியிருப்பதால் தீரும் வரை கிளம்ப முடியாது என்றார் அந்த அம்மா. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த நாட்டில்தான் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார். பக்கத்துப் பண்ணையில் பீகாரிலிருந்து வந்த குடும்பம், இதே ஏற்பாடுதான்.

பண்ணை என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். கொங்கில் நம் தாத்தாக்கள் பண்ணையத்து ஆள்களாக இருந்தார்கள். பண்ணையம் போய்க் கோழிப்பண்ணை வந்தது. ஆள் அதே ஆள். இதில் சட்டத்தின் கூத்து ஒன்றும் உண்டு. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் கோழி வளர்ப்பு விவசாய வேலையாகவே இருந்தது. ஐம்பதாயிரம் கோழி நிற்கும் ஷெட் முதலாளிக்குத் தொழிற்சாலை, தொழிலாளிக்கு மட்டும் தோட்டம்!

பண்ணை முதலாளி எல்லாருமே கொழுத்திருக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கறிக்கோழியில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட், கரண்ட், ஆள் எல்லாம் விவசாயியின் பொறுப்பு. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. அதை உயர்த்தச் சொல்லி அவர்களே போராடுகிறார்கள். மேலே இருப்பவர் பிழிந்தால் அவர் கீழே பிழிகிறார். பிழியப்படும் வரிசையின் கடைசியில் நம் ஆள்களும், அவர்களுக்கும் கீழே வாயில்லாத கோழியும். ஷெட்டில் கூட்டம் குறைந்தால் எருவும் நெடியும் சாவும் குறையும், அந்தக் குழந்தையின் மூச்சுக்கும் அது நல்லது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து கொடுத்ததை 2019 ஜூலையில்தான் அரசு தடை செய்தது. நெருக்கடியில் அடைத்து, மருந்தால் தாங்க வைக்கிற முறைக்கு விலை கொடுப்பது அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ‘கொடுமை, ஆகவே முட்டையே வேண்டாம்’ என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. 2015-இல் மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டையை மறுத்தார்கள். 2021-இல் கர்நாடகத்தில் பள்ளி முட்டைக்கு எதிராக மடாதிபதிகள் கிளம்பினார்கள். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, பின்னால் பள்ளி நாள்தோறும் என்று வளர்ந்தது. அதில் ஒன்றைக் குறைப்பதற்கும் இந்த வாதம் பயன்படக் கூடாது. ‘கூண்டில்லா முட்டை’ என்று சூப்பர் மார்க்கெட்டில் பல மடங்கு விலையில் விற்பதும் தீர்வில்லை. அது காசுள்ளவரின் மனசாட்சிக்கு ஒரு பெட்டி.

கைக்கு எட்டும் இடம் ஒன்று இருக்கிறது. சத்துணவுக்காகத் தமிழ்நாடு அரசே பெரிய அளவில் முட்டை வாங்குகிறது, டெண்டர் போட்டு. அந்த டெண்டரில் நிபந்தனை வைக்கலாம்: 550-க்குக் குறையாத கூண்டு, சில ஆண்டுக்குள் கூண்டில்லாத முறைக்கு மாற அட்டவணை, பெண்ணின் பெயரில் தனிக் கூலி, முன்பணக் கடன் இல்லை என்ற சான்று, குடியிருப்பு ஷெட்டிலிருந்து தள்ளி. விலை சில பைசா கூடினால் அரசு தரட்டும். மாணவர் எண்ணிக்கையிலோ முட்டை எண்ணிக்கையிலோ கைவைக்கக் கூடாது. ஒரு பகுதியை நாட்டுக்கோழி வளர்க்கும் மகளிர் குழுக்களிடம் வாங்கவும் சொல்லலாம். குஞ்சு கொடுக்கும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, வாங்கும் கைதான் இல்லை.

முதலில் கேட்போம். தகவல் அறியும் உரிமை மனுவுக்குப் 10 ரூபாய்தான். சமூக நலத் துறையிடம்: நடப்பு முட்டை டெண்டரின் நிபந்தனைகள் என்ன, கோழிக்கான இடம் பற்றியும் தொழிலாளர் கூலி பற்றியும் ஏதாவது வரி உண்டா, முட்டை தரும் பண்ணைகளைக் கடைசியாக ஆய்வு செய்தது எப்போது? தொழிலாளர் துறையிடம்: கோவை, திருப்பூர், நாமக்கல் மாவட்டக் கோழிப்பண்ணைகளில் ஐந்து ஆண்டில் எத்தனை கூலி ஆய்வு, எத்தனை வழக்கு? மூன்று மாவட்டங்களுக்கும் மனு எழுத ஆள் வேண்டும். கல்லூரித் தோழர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள்.